விரியனின் பேறுகாலமும் மேட்டூர்த் தண்ணீரும்

விரியன் குட்டிகள் தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டுதான் பிறக்கும் என்பது நம்ம பக்கத்துப் பழைய நம்பிக்கை. கிரேக்கத்து ஹெரோடோட்டஸும் 2400 வருஷத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட இதையே எழுதி வைத்தார். தவறுதான், ஆனால் சும்மா கிளம்பிய கதையில்லை. கண்ணாடி விரியன் முட்டையிடாது. வயிற்றுக்குள் வளர்த்து ஒரே ஈற்றில் பெரும்பாலும் 20 முதல் 40 குட்டி வரை போடும்.

இதன் ஆங்கிலப் பெயரில் இருப்பவர் பேட்ரிக் ரஸ்ஸல், ஸ்காட்லாந்து மருத்துவர். 1785-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளரானார். சோழமண்டலக் கரைப் பாம்புகள் பற்றிய அவருடைய நூல் 1796-இல் வந்தது. நாய்களையும் கோழிகளையும் கடிக்க வைத்துப் பார்த்தவர். பாம்புக்கடிக்குப் பேர்போன தஞ்சாவூர் மாத்திரையையும் ஆராய்ந்தார் (அதில் வெள்ளைப் பாஷாணம் இருந்தது, விஷத்துக்கு விஷம்!). எது கொல்லும், எது காப்பாற்றும் என்பதே அன்றைய கேள்வி. சூல்கொண்ட பாம்பு எங்கே படுத்திருக்கும் என்பது யாருக்கும் கேள்வியாகவே படவில்லை.

அந்தக் கேள்விக்கு நம்ம ஊர் விவசாயக் காலண்டரை எடுத்துப் பார்க்கலாம். விரியனின் சினைக்காலம் ஆறு மாதத்துக்கு மேல். குட்டி போடுவது பெரும்பாலும் மே முதல் ஜூலைக்குள். அதாவது, தையில் சம்பா அறுத்து, உளுந்து பயறு எடுத்து, சித்திரையில் வயல் வெடித்துக் கிடக்கும் காலம் முழுக்க வயிற்றில் சுமை. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் தேதி ஜூன் 12. தண்ணீர் திருப்பனந்தாள் வாய்க்காலுக்கு வரும் நாட்களும் பேறுகாலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் கிலுகிலுப்பை விரியன்கள் சினையானால், வெயில் நன்றாக விழும் பாறை இடுக்குகளைத் தேடிப் போகும். சில இடங்களில் பல தாய்கள் சேர்ந்தே கிடக்கும், இரை எடுப்பதும் அபூர்வம். கரு வளர அவற்றுக்குச் சூடு வேண்டும். நமக்குச் சூட்டுக்கா பஞ்சம்? இங்கே தாய்க்கு வேண்டியது நிழலும், தண்ணீர் ஏறாத மேடும் என்பது என் ஊகம். வயல்காட்டில் அது இரண்டும் சேர்ந்து கிடைப்பது எலி வளை உள்ள வரப்பில், பனையடிப் புதரில், வைக்கோல் போரடியில்.

குறுவைக்கு நாற்றங்கால் போடுவதும் அண்டை வெட்டுவதும் அதே வாரங்களில்தான். மண்வெட்டி முதலில் விழுவது அந்த வரப்பின்மேல். பிறந்த குட்டி ஒரு சாண் நீளந்தான் இருக்கும். விஷம் முதல் நாளே உண்டு.