உறைவிந்து

பொலிகாளையின் விந்தை உறையவைத்துப் பல ஆண்டுகள் காத்து, வேண்டும்போது உருக்கிப் பசுவின் கருப்பையில் செலுத்தும் முறை. ஊர்ப்புறத்தில் சினை ஊசி என்று சொல்லப்படுவது இன்று பெரும்பாலும் இதுவே. இத்தாலியரான ஸ்பலான்சானி பனியில் குளிர்ந்து அசைவற்றுப்போன விந்தணுக்கள் வெப்பம் பட்டதும் மீண்டும் அசைவதை 1776இல் கண்டார் என்பர்; 1780இல் அவர் செயற்கையாகக் கருவூட்டிய பெண்நாய் 62 நாள் கழித்து மூன்று குட்டிகளை ஈன்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பெரிதாக எதையும் சேர்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவின் இவானோவ் கருவூட்டலைப் பண்ணைகளுக்குக் கொண்டுசென்றார். டென்மார்க்கின் சாம்சோ தீவில் கால்நடை மருத்துவப் பேராசிரியர் சோரன்சனின் முயற்சியால் 1936இல் உழவர்களின் கருவூட்டல் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 1940இல் அமெரிக்காவின் பிலிப்சும் லார்டியும் முட்டை மஞ்சள்கருக் கலவையில் விந்தைக் குளிரவைத்துச் சில நாட்கள் காக்கலாம் எனக் காட்டினர். அந்தச் சில நாட்களுக்குள் பருவத்துக்கு வரும் பசு கிடைக்காவிட்டால் விந்து வீண்தான்.

இத்தடையை உடைத்தது லண்டனில் ஆலன் பார்க்ஸ், ஆட்ரி ஸ்மித், கிறிஸ்டஃபர் போல்ஜ் ஆகியோர் 1949இல் வெளியிட்ட ஆய்வு. அது தற்செயலாக நேர்ந்தது என்றே நூல்கள் பெரும்பாலும் எழுதுகின்றன. சேவலின் விந்தைப் பழச்சர்க்கரைக் கரைசலில் உறையவைத்த முயற்சிகள் தோற்றன. சில மாதங்களுக்குப் பிறகு, குளிர்கிடங்கில் வைத்திருந்த அதே கரைசல் என்று நம்பிய ஒன்றைக் கொண்டு சோதித்தபோது, −79 பாகை செல்சியசிலிருந்து மீண்ட அணுக்கள் நீந்தின. புட்டியின் அடியில் எஞ்சியிருந்த சிறிதளவைப் பகுத்துப் பார்த்தால் அதில் சர்க்கரையே இல்லை. இருந்தவை கிளிசரினும் புரதமும். நுண்ணோக்கிக் கண்ணாடியில் திசுவை ஒட்டப் பயன்படும் முட்டைவெண்கருக் கரைசலோடு பெயர்ச்சீட்டு மாறியிருக்கலாம் என்பது பின்னர் சொல்லப்பட்ட விளக்கம். எங்கே, எப்படி மாறியது என்பது உறுதியாகவில்லை.

ஆயினும் தற்செயல் என்ற ஒரு சொல்லில் இந்த வரலாற்றை அடக்குவது பொருந்தாது. பெயர்ச்சீட்டு மாறிய கரைசல் எந்த ஆய்வகத்திலும் இருக்கக்கூடும். பலன் வந்ததும் அதைச் சர்க்கரையின் வெற்றி என்று எழுதிவிடாமல், மீந்த துளிகளைப் பகுத்தறியக் கொடுத்ததில்தான் கண்டுபிடிப்பு இருக்கிறது. கிளிசரின் தவளை விந்தணுக்களைக் குளிரிலிருந்து காப்பதை ஃபிரான்சின் ழான் ரோஸ்தான் 1946இலேயே வெளியிட்டுவிட்டாரே என்று மறுப்பவர் உண்டு. அந்த முன்னுரிமை அவருக்குரியதே. சோவியத் ஆய்வாளர் இருவர் 1937இலேயே கிளிசரினைக் கையாண்டதாகவும் சொல்லப்படுகிறது. ஆனால் தவளையில் அறிந்த உண்மை பசுவின் சினையாக மாற, கருவூட்டல் நிலையங்களும் காளைகளும் காத்திருக்கும் பால்பண்ணையாளர்களும் தேவைப்பட்டனர். பிரிட்டனில் இத்தகைய நிலையங்கள் 1942 முதல் இருந்தன. சேவலுக்கு ஏற்ற முறையும் காளைக்கு அப்படியே ஒத்துவரவில்லை. கிளிசரினின் அளவைக் குறைத்து, மஞ்சள்கருக் கலவையில் ஊறவிட்டு, மெல்லக் குளிரவைக்க வேண்டியிருந்தது. போல்ஜும் கேம்பிரிட்ஜின் கால்நடை மருத்துவர் ரோசனும் 1952இல் உறைவிந்து செலுத்திய 38 பசுக்களில் 30 சினைபிடித்தன. நீர் பனிக்கட்டியாகும்போது எஞ்சிய நீரில் உப்பு செறிந்து அணுவைச் சிதைக்கிறது, கிளிசரின் அச்செறிவைத் தணிக்கிறது என்பதை ஜேம்ஸ் லவ்லாக் 1953இல் விளக்கினார். பல ஆண்டு உழைப்பு இது. புட்டி மாறியது அதில் ஒரு நாள் நிகழ்வு.

பின்னர், −79 பாகைக் குளிரைத் தந்த உலர்பனியின் இடத்தை −196 பாகையிலுள்ள திரவ நைட்ரஜன் பிடித்தது. ஃபிரான்சின் ராபர்ட் கசூ 1960களில் பரவலாக்கிய மெல்லிய பிளாஸ்டிக் குச்சி கண்ணாடிக் குப்பியை ஒதுக்கிவிட்டது. அக்குச்சியில் காளையின் எண்ணும் இனமும் உறையவைத்த நாளும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். ஒரு காளையின் வமிசம் முழுவதையும் கால் மில்லிலிட்டரில் தாங்கும் அதன் எளிமை வியக்கத்தக்கது. நைட்ரஜன் கொள்கலனின் கழுத்துக்கு மேலே சில நொடிகள் கூடுதலாகத் தூக்கிப் பிடித்தாலே அணுக்கள் கெடும். 37 பாகை வெந்நீரில் சுமார் அரை நிமிடம் உருக்கி, ஈரம் துடைத்து, நுனியை நறுக்கிக் கருவூட்டல் துப்பாக்கியில் பொருத்துவர். ஒரு கை மலக்குடல் வழியே கருப்பையின் கழுத்தைப் பற்றிக்கொள்ள, மறு கை துப்பாக்கியைச் செலுத்தும். இந்தப் பிடிமுறையும் டென்மார்க் மருத்துவர்களின் கொடை. சினை பிடிக்காவிட்டால் விந்தைக் குறைசொல்வது வழக்கம். பசு கத்தும் நேரத்தையும் கண்ணாடிபோல் வழியும் கோழையையும் தவறவிட்டு, காலம் கடந்து போட்ட ஊசிக்கும் அதில் பங்குண்டு.

இந்தியாவில் முதல் செயற்கைக் கருவூட்டல் 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத் குமரனால் நடந்ததாக நூல்கள் குறிக்கின்றன. இசத்நகர் ஆய்வு நிறுவனத்தில் 1942இல் முறையான ஆய்வு தொடங்கியது; மறு ஆண்டு அலகாபாதில் இம்முறையில் முதல் எருமைக் கன்று பிறந்தது. இவை உறையாத விந்தின் காலத்தவை. தமிழ்நாட்டில் உதகமண்டலம் உள்ளிட்ட இடங்களில் உறைவிந்து நிலையங்கள் உள்ளன. கிடேரிக் கன்றையே பெருமளவில் ஈனச்செய்யும் பாலினம் பிரித்த விந்துக் குச்சிகள் அண்மைக் காலத்தில் புழக்கத்துக்கு வந்துள்ளன.