தாய் சொன்ன சாட்சி

கேமரூன்ல கடத்தல்காரங்ககிட்டேர்ந்து மீட்ட சிம்பன்சிக் குட்டிகளை லிம்பே மாதிரி காப்பகங்கள்ல வளர்க்கிறாங்க. குட்டி தனியா வந்துச்சுன்னா, பெரும்பாலும் தாயைச் சுட்டுட்டாங்கன்னு அர்த்தம். எந்தக் காட்டுலன்னு பிடிபட்டவன் சொல்ல மாட்டான்.

ஆனா டிஎன்ஏ சொல்லும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாய்வழியா மட்டும்தான் வரும். கேமரூன்ல சனாகா ஆத்துக்கு வடக்கே ஒரு துணையினம், தெற்கே வேறொண்ணு. இடம் தெரிஞ்ச காட்டு சிம்பன்சிகளோட மரபணுவோட ஒப்பிட்டா, குட்டி எந்தப் பக்கத்து ஆளுன்னு பிடிச்சிடலாம். அதுக்கு உதிர்ந்த முடியே போதும்.

2010ல வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் செஞ்சது. ஏதோ ஒரு மூலையில நடக்கிற திருட்டு இல்லீங்க, வேட்டை கேமரூன்ல பரவலா நடந்திருக்குன்னு தெரிய வந்துச்சு. ஒரே ஒரு காட்டுக்குக் காவல் போட்டா பத்தாதுன்னு அர்த்தம்.

செத்துப்போன தாய்ங்க, பிள்ளைங்க ரத்தம் வழியா சொன்ன சாட்சி அது.