பேரேட்டில் ஏறாத பெயர்கள்

ஜொகூர் இருப்புப்பாதை கூலாய், குளுவாங், லாபிஸ், சிகாமட் என்னும் ஊர்களின் வழியே வடக்கு நோக்கிச் செல்கின்றது. 1943-ல் அவ்வழியே சென்ற சரக்கு வண்டிகளில் தோட்டத் தொழிலாளர் ஏற்றப்பட்டனர். யுத்தத்தால் ரப்பர் வாணிகம் நின்று, வேலையும் அரிசியுமின்றி வாடிய அம்மக்களிடம் ஜப்பானிய ஆட்சியினர் மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டினர்; இணங்காதாரை வலிந்து பிடித்தனர். சயாம் நாட்டுப் பான்போங்கில் இறக்கி, காட்டினுள் நடத்திச் சென்றனர். பர்மா வரை 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை 1943 அக்டோபர் 17-ல் முடிந்தது.

அங்கு மாண்ட வெள்ளைக் கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுடைய தோழர்கள் இறந்தவர் பெயரையும் புதைத்த இடத்தையும் காவலர் கண்ணுக்கு மறைத்து எழுதி வைத்தனர். யுத்தம் முடிந்த 1945-லேயே அக்குறிப்புகளைக் கொண்டு காட்டில் தேடி, 10,000-க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டனர். இன்று காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

நம்மவர் நிலை யாது? மலாயாவிலிருந்து சென்றோர் ஏறக்குறைய 75,000 பேர். அவருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். வாந்திபேதி கண்ட குடிசைகளில் எத்தனை பேர் மடிந்தனர் என்பதற்கே சரியான கணக்கில்லை. பெயர்ப் பதிவுக்கு எங்கே போவது? திவசம் கொடுக்கத் திதி தெரியவில்லையே என்று வருந்தும் குடும்பங்கள் உண்டு. திதியைப் பற்றிய கவலை நமக்கில்லை. தந்தை பெயரும் தோட்டத்தின் பெயரும் தெரிந்த ஒரு மனிதன் வெறும் கூலி என்ற சொல்லாகிப் போனதே நமக்குத் துயரம். நாவலாசிரியர் அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்னும் கதையில் இதை வடித்தார். கதை ஒருநாளும் பேரேடாகாது.

அன்று பதினைந்து வயதுச் சிறுவனாக வண்டி ஏறியவர் இன்று இருப்பாராயின், தொண்ணூற்றைந்தைக் கடந்தவர். தந்தையை வழியனுப்பிய குழந்தைகளும் எண்பதைத் தாண்டிப் படுக்கையில் கிடக்கின்றனர். அவர்களுக்கு மருந்தும் கஞ்சியும் கொடுக்கிறோம்; பேச்சைக் கேட்கிறோமா? “பழைய கதை வேண்டாம், தூங்குங்கள்” என்று அடக்கும் பிள்ளைகளே மிகுதி.

கனடா நாட்டு மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் என்பார் மரணத்தை நெருங்கியவர்களிடம் சில கேள்விகளைக் கேட்டு, விடைகளை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, அவர்களுக்கே படித்துக் காட்டித் திருத்தி, குடும்பத்தாரிடம் கொடுக்கும் முறையை வகுத்தார். 2005-ல் நூறு நோயாளிகளிடம் அதன் பயனை ஆராய்ந்து வெளியிட்டார். நினைவில் மிக நிற்பது எது, வீட்டார் தம்மைப் பற்றி அறிய வேண்டியது எது என்பன அக்கேள்விகளுட் சில. தம் வாழ்வு பிறர்க்குப் பயன்படும் என்று அறிந்த நோயாளிக்கு அது ஆறுதலாகிறது.

ஜொகூர்த் தமிழ் இல்லங்களில் இன்னுமொரு கேள்வியைச் சேர்க்க வேண்டும்: “உங்கள் வீட்டு ஆளுடன் வண்டி ஏறியவர் யார் யார்?” லயத்துக் கிழவி தன் கணவன் பெயரை முதலில் சொல்வாள், பின்னர் அடுத்த வீட்டுக்காரன், ஆட்டுக்காரன் மகன், தப்படிக்கும் பெரியவர் என ஒவ்வொருவராக வருவர். சொந்தத்தில் எவரும் எஞ்சாதவர்களின் பெயர் அவள் வாயில்தான் இருக்கும். இத்தகையோருக்குப் பேசும் வலிமை பெரும்பாலும் காலைப்பொழுதில்தான். அந்த நேரம் பார்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்துடன் பேரப்பிள்ளை அருகில் உட்கார வேண்டும்.