மூச்சுக்குழாய் வெறும் குழாய் இல்லை

எங்க போசரி எம்.ஐ.டி.சி. பக்கம் எந்த லேத் பட்டறைக்குப் போனாலும், பழைய குழாயைக் காட்டினால் போதும். அளவெடுத்து, புதுசாகக் கடைந்து கொடுத்துவிடுவார்கள். கடன் கணக்கு விஷயமாக இந்தப் பட்டறைகளைப் பார்வையிடப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். இதயம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் மாற்றுகிறார்கள். மூச்சுக்குழாய் பார்வைக்கு வெறும் பைப். அதை மாற்றுவது மட்டும் ஏன் இத்தனை வருஷம் முடியவில்லை?

நான் பி.காம். படித்தவன், டாக்டர் இல்லை. அதனால் படித்துத் தெரிந்துகொண்டதைக் கணக்கு எழுதுகிற மாதிரி வரிசையாகச் சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு மூச்சுக்குழாயின் நீளம் 10 முதல் 12 செ.மீ. குதிரை லாட வடிவத்தில் 16 முதல் 20 குருத்தெலும்பு வளையங்கள். விபத்தாலோ, புற்றுநோயாலோ, நாள்கணக்கில் வென்டிலேட்டர் குழாய் வைத்ததாலோ இது சுருங்கிப்போகலாம். பாதி நீளம் வரைக்கும் என்றால் வெட்டி எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்துவிடலாம். அதற்கு மேல் போனால்தான் சிக்கல்.

சிறுநீரகத்துக்குப் பெரிய ரத்தக்குழாய்கள் உண்டு, இணைத்துவிடலாம். மூச்சுக்குழாய்க்கு நூல் போல நுண்ணிய குழாய்கள்தான், அதுவும் பல இடங்களிலிருந்து. ரத்தம் போகாத திசு அழுகும். அது போதாதென்று, நாம் இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் தூசியையும் கிருமியையும் நேரே அந்தத் தையல் மேலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இதைச் சமாளிக்க ஜெர்மனியில் ஹெர்பர்ஹோல்ட் என்ற மருத்துவர் ஒரு வழி கண்டார். இறந்தவரின் மூச்சுக்குழாயை ஃபார்மலின் போன்ற ரசாயனங்களில் ஊறவைத்துப் பதப்படுத்தினார். அதில் உயிரணு எதுவும் மிஞ்சாது, ஆகவே உடம்பும் அதை எதிர்க்காது. சுருங்கிய இடத்தைத் திறந்து, உள்ளே சிலிக்கான் குழாய் வைத்து, மேலே இதை ஒட்டுப்போடுவார். நோயாளியின் சொந்தச் சவ்வு மெல்ல உள்ளே படர்ந்ததும் சிலிக்கானை எடுத்துவிடுவார்கள். 1990களில் குழந்தைகளுக்கும் இதைச் செய்தார்கள்.

உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையும் இங்கேதான் வருகிறது. சாதாரணமாக 100 மி.லி. ரத்தத்தின் நீர்ப்பகுதியில் சுமார் 0.3 மி.லி. ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். அழுத்த அறைக்குள் மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது 6 மி.லி. அளவுக்கு ஏறும். ரத்த ஓட்டம் குறைந்த திசுவுக்கு, புதுக் குழாய்கள் முளைக்கும்வரை இது கைமாத்துக் கடன் மாதிரி. நிரந்தர வருமானம் ஆகாது.

பிறகு வந்தது 2008. செங்கல்பட்டுப் பக்கம் விபத்தில் மூளைச்சாவடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளைப் பெற்றோர் தானம் செய்து, தமிழ்நாடே கண்கலங்கிய அதே வருஷம். அந்த ஜூனில் ஸ்பெயினின் பார்சிலோனாவில், காசநோயால் இடது மூச்சுக்கிளை சுருங்கிய பெண்ணுக்கு, இறந்த ஒருவரின் மூச்சுக்குழாயிலிருந்து உயிரணுக்களைக் கழுவி எடுத்துவிட்டு, நோயாளியின் உயிரணுக்களையே அதில் வளர்த்துப் பொருத்தினார்கள். செய்தவர் பாவ்லோ மக்கியாரினி. உலகமே கொண்டாடியது.

2010இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. மருத்துவ நோபல் பரிசு யாருக்கு என்று முடிவு செய்கிற சபை இருக்கும் இடம். 2011 முதல் அங்கே மூன்று பேருக்கு பிளாஸ்டிக் மூச்சுக்குழாய் பொருத்தினார். முன்னதாக விலங்குகளில் முறையாகச் சோதிக்கவில்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இல்லை. மூவருமே பின்னர் இறந்துபோனார்கள்.

வங்கியில் இருப்பவர்களுக்கு அடுத்த கட்டம் நன்றாகப் புரியும். 2014இல் கூட வேலை பார்த்த நான்கு மருத்துவர்கள் நோயாளிப் பதிவேடுகளையும் வெளியான கட்டுரைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏட்டில் ஒன்று, கட்டுரையில் வேறொன்று. புகார் கொடுத்தார்கள். 2015இல் வெளியிலிருந்து வந்த விசாரணையாளர் தவறு நடந்திருக்கிறது என்றார். நிர்வாகமோ அதை ஒதுக்கிவிட்டு, ஆளைச் சுத்தம் என்றது. 2016இல் ஸ்வீடன் தொலைக்காட்சி ஆவணப்படம் போட்ட பிறகுதான் துணைவேந்தர் விலகினார், மக்கியாரினி நீக்கப்பட்டார். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது. 2008ஆம் ஆண்டுக் கட்டுரையையும் லான்செட் இதழ் அதே 2023இல் திரும்பப் பெற்றது. அந்தப் பார்சிலோனா பெண்ணுக்கு இடது நுரையீரலையே எடுக்கவேண்டி வந்திருந்தது.

இதே காலத்தில் சத்தமில்லாமல் வேலை செய்தவர்களும் உண்டு. பெல்ஜியத்தின் லூவனில் பியர் டெலேர், தானமாக வந்த மூச்சுக்குழாயை நோயாளியின் முன்கையில் நான்கு மாதம் வைத்து, ரத்தக்குழாய்கள் வளர்ந்த பிறகே கழுத்துக்கு மாற்றினார். மக்கியாரினியின் முறை சாத்தியமே இல்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னவரும் இவர்தான். பாரிஸில் மார்ட்டினோ, உறைய வைத்துப் பாதுகாத்த தானப் பெருந்தமனியைப் பயன்படுத்தினார். 2018இல் அவர் வெளியிட்ட கணக்கில் 13 பேருக்குப் பொருத்தி, சுமார் நான்கு ஆண்டுகளில் 10 பேர் உயிரோடிருந்தார்கள். இறந்தவர்களையும் மறைக்காமல் எழுதினார். 2021 ஜனவரியில் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் எரிக் ஜென்டன் குழு 18 மணி நேரம் அறுவை செய்து, நுண்ணிய ரத்தக்குழாய்களையும் இணைத்து, முழு மூச்சுக்குழாயையே மாற்றியது.

சொந்த ஊரை விட்டுத் தள்ளி இருக்கிற நமக்கு, ஆஸ்பத்திரியில் கூட நின்று யோசனை சொல்ல மாமாவோ சித்தப்பாவோ பக்கத்தில் இருப்பதில்லை. "உலகத்திலேயே முதல் தடவை" என்று யாராவது சொன்னால் கை தானாகக் கையெழுத்துப் போடப் போகும். கொஞ்சம் நிறுத்துங்கள். இதற்கு முன் எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அதில் எத்தனை பேர் இன்று நன்றாக இருக்கிறார்கள், நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா என்று கேளுங்கள். வேறொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். ஐந்து லட்ச ரூபாய்க் கடனுக்கே இரண்டாவது கையெழுத்து கேட்கிறோம். உயிருக்குக் கேட்பதில் தப்பே இல்லை.