கரையீடு

கரையீடு: இன்று தொழிற்சாலைகள் நிறைந்த சேரப்பணஞ்சேரி, ஒரகடம் முதலிய ஊர்கள் அடங்கிய பழைய செங்கற்பட்டுச் சீமையில், கிராம நிலத்தை மிராசுதாரர்கள் (பரம்பரை நிலவுரிமையாளர்) கூட்டாக உடைமை கொண்டு, தனித்தனி வயலுக்கன்றிப் பங்குக்கே உரிமை பூண்டு அநுபவித்த முறை. சென்னைக் கலெக்டர் எல்லிஸ், 1818-இல் வெளிவந்த தம் மிராசு ஆராய்ச்சியில் இதனை விவரித்தார்.

இது இருவகைப்படும். நிலத்தைக் குறித்த காலந்தோறும் சீட்டுப் போட்டு மாற்றிக்கொள்வது பசுங்கரை. நிரந்தரமாகப் பிரித்துக்கொள்வது அறுதிக்கரை. மடையருகு வயலின் லாபமும் கடைமடை வயலின் நஷ்டமும் ஒருவருக்கே நிலைத்துவிடாதபடி காத்தது பசுங்கரையே. ஏரி, மேய்ச்சல் தரை, களம் ஆகியவை பொதுவில் நின்றன. களத்தில் நெற்குவியலைப் பங்கிடுமுன்னரே தச்சர், கொல்லர், வண்ணார், தோட்டி முதலியோர்க்கு உரிய மேரை (ஊழியத்துக்கான தானியப் பங்கு) அளந்து கொடுக்கப்பட்டது. ஜப்பானியக் கிராமங்களின் 'இரியாய்' எனும் பொது வன உரிமையும் இப்பொதுநில உரிமையோடு ஒப்புநோக்கத்தக்கது.

எனினும், உழுது பயிரிட்ட பறையர் முதலிய பண்ணையாட்களுக்குப் பங்கு மறுக்கப்பட்டமை இம்முறையின் பெருங்குறை. செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையும், அதன் பயனாக தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்க 1892-இல் பிறந்த பஞ்சமி நில ஆணையும் அக்குறைக்குச் சாட்சியாகும்.

பிரிட்டிஷ் ஆட்சியில் குடியானவரிடம் தனித்தனியே வரி வாங்கும் ரயத்துவாரி முறை பரவவே, பொதுநிலம் சர்க்கார் புறம்போக்காயிற்று. இத்தகைய கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு 2011-இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. எஞ்சிய ஏரியையும் மேய்ச்சல் தரையையும், எவரையும் விலக்காத பொதுச் சொத்தாகக் காப்பது நம் கடமை.