மன்று ஏறிய ஜெபம்

விழுப்புரத்திலிருந்து காணை, கெடார், கண்டாச்சிபுரம் வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் பைபிள் பையோடு வரும் அம்மாக்கள் இறங்கும்போது, "ஜெபத்துல நெனச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கத்தோலிக்கராக இருந்தால் "வேண்டிக்கோம்மா" என்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் ஜெபத்தை 'ஏறெடுப்பார்கள்'. ஊருக்காக விடாமல் ஜெபிக்கிறவர் 'திறப்பில் நிற்கிறவர்'. எசேக்கியேல் புத்தகத்தில் இடிந்த மதிலின் திறப்பு வருகிறது அல்லவா, அங்கிருந்து வந்த பேச்சு இது.

ஜெபம் வடமொழி 'ஜப'. ஒன்றையே வாய்க்குள் திரும்பத் திரும்ப முணுமுணுப்பது அதன் பொருள். மந்திரம் உருப்போடுகிறவர்களிடம் இருந்த சொல்லைத்தான் கிறிஸ்தவம் எடுத்துக்கொண்டது. விடாமல் சொல்வது என்ற பொருள் அதில் முன்பே இருந்ததால், 'செபமாலை' என்ற பெயர் ரோசரிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது. ஆங்கிலத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. மணியைக் குறிக்கும் 'பீட்' என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் ஜெபத்தின் பெயர். மணியை உருட்டி உருட்டி ஜெபித்ததில் பெயர் மணிக்குப் போய்விட்டது.

எனக்குப் பிடித்தது இன்னொரு பெயர்: மன்றாட்டு. 1995இல் வந்த திருவிவிலியத்தில், விடாமல் கேட்ட கைம்பெண்ணின் உவமைக்கு முகவுரையாக வரும் வசனத்தில் (லூக்கா 18:1) 'மன்றாடு' என்ற வினைதான் நிற்கிறது. பழைய புராட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பில் அங்கே 'ஜெபம்பண்ண' என்று இருக்கிறது.

மன்று என்றால் ஊர் கூடும் பொதுவிடம், வழக்குத் தீர்க்கும் அவை. 'நீதிமன்றம்' என்ற சொல்லில் இன்றும் அது இருக்கிறது. அவை விதித்த அபராதத்தைச் சோழர் கல்வெட்டுகள் 'மன்றுபாடு' என்கின்றன. வழக்காடு, சொல்லாடு என்பதில் வரும் அதே 'ஆடு'தான் மன்றாடு என்பதிலும் வருகிறது. முணுமுணுப்புக்கு இங்கே இடமில்லை. பலர் முன்னால் நின்று தன் நியாயத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மன்று மாட்டுத் தொழுவமும்கூட. அந்த வழியில் வந்தவர் கல்வெட்டுகளில் வரும் 'மன்றாடி', அதாவது இடையர். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய, பெரும்பாலும் 96 ஆடுகளை அவரிடம் ஒப்படைத்தார்கள். அவை 'சாவா மூவாப் பேராடு'. செத்ததையும் மூத்ததையும் குட்டிகளால் ஈடுகட்டி, எண்ணிக்கை குறையாமல் நெய் அளந்துகொண்டே இருக்க வேண்டும். மன்றாட்டும் மன்றாடியும் ஒரே மன்றின் இரு வாசல்கள். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று இழுத்து முடிச்சுப் போடக் கூடாது.

உவமைக்கு வருவோம். அந்தப் பெண் கேட்டது நோய்க்குச் சுகமோ பிள்ளைக்கு வேலையோ அல்ல. எதிராளியிடமிருந்து நியாயம் கேட்டாள். நீதிபதி கடவுளுக்கும் பயப்படாதவர், மனிதரையும் மதிக்காதவர். கடைசியில் இறங்கி வந்ததற்கு அவர் சொல்லும் காரணத்தில் மூலக் கிரேக்கம் போடும் சொல்லுக்கு, கண்ணுக்குக் கீழே குத்துவது என்று பொருள். மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் தொல்லை, அலட்டு என்று மென்மையாக்கிவிட்டார்கள். முகத்தில் குத்து விழுமோ என்று அந்த ஆள் பயந்தார் என்றே வைத்துக்கொள்ளலாம். அவள் அப்படி நடை நடந்திருக்கிறாள்.

இதே வட்டாரத்தில், முன்பு விழுப்புரம் மாவட்டத்திலும் இப்போது கள்ளக்குறிச்சியிலும் இருக்கிற எறையூரில் பெரிய கோயிலின் பெயர் ஜெபமாலை அன்னை ஆலயம். அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு (பாரிஷ்) வேண்டும் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது மோதலாக வெடித்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரே செபமாலையை உருட்டுகிறவர்களுக்குள்தான் இந்த வழக்கு. விடாமுயற்சியுள்ள ஜெபத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் கைம்பெண்ணின் பொறுமையைத்தான் புகழ்கிறார்கள். அவள் கையில் இருந்த வழக்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை. 'விசுவாசிகளின் மன்றாட்டு' என்று ஞாயிறுதோறும் பூசையில் நாலைந்து பேர் தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள். அந்தத் தாளில் எறையூர் மாதிரி வழக்குகள் ஏறுவது அபூர்வம்.