சட்டப் பிரிவு விடய முகாமை மென்பொருள்

வங்கி, காப்புறுதி நிறுவனம், கூட்டுத்தாபனம் போன்றவற்றின் சொந்தச் சட்டப் பிரிவு, தன் கையிலுள்ள வழக்கு, உறுதி, ஒப்பந்தம், சட்ட அபிப்பிராயம், வெளிச் சட்டத்தரணியின் கட்டணம் ஆகியவற்றை விடயத்துக்கு ஓர் இலக்கமாகச் சேர்த்து வைக்கும் கணினி ஏற்பாடு இது. வழக்கு வேறு, விடயம் வேறு. மதுரங்குளியில் தென்னந்தோட்டம் ஒன்றை ஈடு பிடித்துக் கடன் கொடுத்த வங்கிக்கு அந்தக் கடனும் தோட்டமும் சேர்ந்து ஒரே விடயம். அதன் ஈட்டு உறுதி புத்தளம் காணிப் பதிவகத்தில் இருக்கும். வழக்கு வந்தால் புத்தளம் மாவட்ட நீதிமன்றத்தில் தவணை விழும். தீர்மானம் கொழும்புத் தலைமையகத்தில் எடுக்கப்படும். வழக்கே இல்லாமலும் விடயம் முற்றலாம். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் நிறைவேற்றி, நீதிமன்றம் போகாமலே ஈட்டுக் காணியை ஏலம் விட இடமளித்தது. வழக்கிலக்கத்தை மட்டும் நம்பும் ஏற்பாட்டில் அந்த ஏலம் தென்படவே மாட்டாது. ஆகவே இம்மென்பொருளைத் தெரிவுசெய்வது ஒரு பதிவேட்டைத் தெரிவுசெய்வதுதான்.

பதிவேடு இலங்கைக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய தோம்புகள் இரு வகைப்பட்டன: குடும்பத்தையும் அதன் கடமைகளையும் காட்டும் தலைத்தோம்பு, நிலத்தைக் காட்டும் காணித்தோம்பு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இன்னாருக்கு இன்ன காணி என்பது விளங்கும். ஆளையும் பொருளையும் தனித்தனியே எழுதி இணைக்கும் இன்றைய தரவுத்தளத்தின் முறையும் இதுவே. ஆங்கிலேயர் காலத்தில் 1863, 1891, 1927 என மூன்று கட்டளைச்சட்டங்கள் காணிப் பதிவை வளர்த்தன. இவற்றில் 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச்சட்டமே இன்றும் ஆள்கிறது. இம்முறையில் ஒவ்வொரு காணிக்கும் தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் உண்டு. பக்கம் நிரம்பியதும் அடுத்த பக்கத்தின் இலக்கம் அதிலேயே குறிக்கப்படும். புதிய பக்கத்தின் தலையில் பழைய இலக்கம் ஏறும். இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே நொத்தாரிசு பல தலைமுறை உரித்தைத் தேடுகிறார். பிழையான பக்கத்தில் பதிந்த உறுதி, சரியான பக்கத்தில் பதிந்த பிந்திய உறுதியிடம் முன்னுரிமையை இழக்கக்கூடும். எழுதினால் மட்டும் போதாது, உரிய இடத்தில் எழுத வேண்டும் என்ற இந்தச் சட்டநெறியே மென்பொருள் தெரிவுக்கும் நல்ல அளவுகோல்.

எது ஒரு விடயம், அதற்கு எப்படி இலக்கமிடுவது என்று முடிவெடுக்காமல் மென்பொருள் வாங்கும் சட்டப் பிரிவு, பழைய குழப்பத்தையே கணினிக்கு இடம்மாற்றுகிறது. வெளிநாட்டுத் தயாரிப்புகள் அந்த முடிவைத் தம் ஊர் வழக்கப்படி ஏற்கெனவே எடுத்துவிட்டன. அமெரிக்காவில் உருவான லெடெஸ் 1998பி என்ற கட்டணப்பட்டியல் வடிவம் மணிக்கணக்கில் உழைப்பை எழுதும் 24 களங்கள் கொண்டது. இங்கோ சட்டத்தரணி பெரும்பாலும் தவணைக்கு இவ்வளவு என்றே வாங்குகிறார். மொழியும் சிக்கல். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி புத்தளம் நீதிமன்ற ஏடு சிங்களத்தில் இருக்கும். கடன் கோவை ஆங்கிலத்தில் இருக்கும். கடனாளியின் கையொப்பம் தமிழில் இருக்கலாம். மதுரங்குளி என்ற ஊர்ப்பெயரே சிங்களத்தில் மதுரங்குளிய என்று முடிகிறது. விற்பனையாளரின் மாதிரித் தரவில் இவை எதுவும் வராது. சொந்தக் கோவைகளில் மிகச் சிக்கலான இருபதை எடுத்துக் கொடுத்து, மூன்று மொழியிலும் தேடச் சொல்லிப் பார்ப்பதே உண்மையான பரீட்சை.

சில நூறு விடயங்களுக்கு எக்செல் அட்டவணை போதாதா என்பது நியாயமான கேள்வி. ஒருவரே எழுதி ஒருவரே பார்க்கும் வரை போதும். ஆனால் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்தில் வழக்கிட 6 ஆண்டு, எழுத்தில்லாததற்கு 3, விற்றுக் கையளித்த பொருளின் விலைக்கு 1 ஆண்டு. உத்தியோகத்தர் இடமாறிய பின் அட்டவணை அந்தக் காலம் முடியும் நாளை யாருக்கும் நினைவூட்டாது. கடுதாசிதான் நீதிமன்றத்தில் நிற்கும் என்ற மறுப்புக்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணு ஊடு செயல்கள் சட்டம் பதிலளித்துவிட்டது. எனினும் காணி விற்பனையை அச்சட்டம் விலக்கியிருப்பதால் மூல உறுதி இரும்புப் பெட்டியிலேயே இருக்க வேண்டும். மென்பொருளில் அது எந்தப் பெட்டியில், யார் பொறுப்பில் என்பது இருந்தால் போதும்.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1990ஆம் ஆண்டுச் சட்டம் தந்த ஏல அதிகாரம் 2024இல் ஒரு காலத்துக்கு நிறுத்தப்பட்டது. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ், பிம்சவிய திட்டம் 2007 முதல் பழைய பக்க இலக்கத்துக்குப் பதிலாக உரித்துச் சான்றிதழ் வழங்கிவருகிறது. இரண்டு முறைகளும் இன்னும் அருகருகே நடக்கின்றன. பக்க இலக்கத்துக்கும் சான்றிதழ் இலக்கத்துக்கும் தனித்தனி இடம் தராத மென்பொருளை இலங்கையில் காணியை ஈடாக ஏற்கும் எந்த வங்கியும் வாங்கக் கூடாது.